ஆயிரங்கால் தூண்டில்

ஆயிரங்கால் தூண்டில் என்பது, நீண்ட தாய்க்கயிற்றில் இடைவெளி விட்டுக் கிளைக்கயிறுகள் கட்டி, ஒவ்வொன்றின் நுனியிலும் இரை குத்திய முள்ளுடன் படகிலிருந்து கடலில் இறக்கப்படும் மீன்பிடி கருவி. ‘ஆயிரம்’ கணக்கன்று, சில நூறு முள் கொண்டதற்கும் இதே பெயர். கரையிலிருந்து வீசும் கைத்தூண்டிலுக்கு ஒற்றை நரம்பும் ஈயக்குண்டும் போதும்; இதற்கு மிதவைகள் தேவை.

முக்கிய இலக்கு சூரை, சுறா. இரை சாளை, கணவாய். சுறாவுக்கு விடும்போது முள்ளை ஒட்டி எஃகுக் கம்பி சேர்ப்பர். வெறும் நைலான் நரம்பைச் சுறா கடித்து அறுத்துவிடும். இழுவலைபோல் இது கடல்தரையை வாருவதில்லை. எனினும் ஆமைகள் சிக்குவதுண்டு. வட்டமுள் அதைக் குறைக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் வட்டார மீனவர் இத்தொழிலில் பெயர்பெற்றவர். பல நாள் ஆழ்கடலில் தங்கிப் பிடிக்கும் அவர்கள் கொச்சியிலும் மீன் இறக்குகின்றனர்.

பாக் விரிகுடா இழுவைப்படகுகளைக் குறைக்க, ஒன்றிய அரசு 2017இல் ஆழ்கடல் திட்டமொன்றைத் தொடங்கியது. அதன்படி அப்போது சூரைத் தூண்டில் படகு ஒன்றின் மதிப்பு 80 லட்சம் ரூபாய்; 50 விழுக்காடு ஒன்றிய அரசின் மானியம், 20 விழுக்காடு மாநில அரசின் மானியம்.