தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள்

முதலாம் இராசராச சோழன் எழுப்பி 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்கள் ஓர் ஊரின் கணக்கேடாகவே விளங்குகின்றன. அரசனும் தமக்கை குந்தவையும் தேவியரும் அதிகாரிகளும் அளித்த கொடைகள் கல்லில் உள்ளன. செப்புத் திருமேனியின் உயரம் முழம், விரல் கணக்கில். நகையின் எடை, முத்தின் எண்ணிக்கை தனி.

இவற்றுள் மிக அரியது தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலைச் சார்ந்த குடியிருப்பில் வாழ்ந்த ஆடல் மகளிர், பட்டியல். சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 பெண்களின் பெயர், முன்பிருந்த கோயில், குடியமர்ந்த தெருச் சிறகு (வீட்டு வரிசை), அதில் எத்தனையாவது வீடு என்பதுவரை குறித்திருக்கிறார்கள். ஊதியமான பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். விரும்பித்தான் வந்தார்களா? கல்லில் அதற்கு விடையில்லை. ஆனாலும் வேறெந்த ஏடும் காக்காத பெயர்கள் இவை.

தச்சர், நாவிதர், தையற்காரர், கணக்கர் பங்குகளும் தொடர்கின்றன. ஒருவர் இறந்தால், தகுதியுள்ள நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெறலாம் என்பது அன்றைய விதி.