பன்னிரண்டு சிலிண்டர்களின் மௌனம்: ஆடம்பர மின்சாரக் கார்களில் பழைய ஸ்தாபனங்களும் புதியவையும்

ஆடம்பரக் காரின் லக்ஷணம் யாது என்று இருபதாம் நூற்றாண்டைக் கேட்டால், சத்தமின்மையே என்று அது பதில் சொல்லும். பெட்ரோல் என்ஜின் என்பது நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சிறு வெடிப்புகளை இரும்புக்குள் அடைத்து வைத்த சாதனமாதலால், அவ்வெடிப்புகள் நிகழவே இல்லை என்ற பிரமையைப் பின்னிருக்கையில் அமர்ந்தவருக்கு உண்டாக்கும் பொருட்டு, நான்காக இருந்த சிலிண்டர்களை ஆறாக்கி, ஆறை எட்டாக்கி, எட்டும் போதாதென்று பன்னிரண்டாக்கிய பிரயாசையின் சரித்திரமே உயர்தரக் கார்களின் சரித்திரமாக இருந்துவந்தது. 1987-இல் பி.எம்.டபிள்யூ தன் ஏழாம் வரிசைக் காரில் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜினைப் பொருத்திற்று. யுத்தத்துக்குப் பின் ஜெர்மனியில் அத்தகைய கார் வெளிவந்தது அதுவே முதல் தடவை. 1991-இல் மெர்சிடிஸ் பென்ஸ் தன் எஸ் கிளாஸ் காரில் அதே எண்ணிக்கையைக் கொண்டு பதிலளித்தது. காரின் பின்புறத்தில் பதித்திருக்கும் எண்ணைப் பார்த்தே உரிமையாளரின் அந்தஸ்தை அளந்துவிடலாம் என்ற சம்பிரதாயம் இவ்வாறு வேரூன்றியது.

மின்சார மோட்டாருக்கோ அந்த மௌனம் பிறவிக் குணம். மலிவான காரிலும் அது உண்டு. ஆகவே பழைய ஸ்தாபனங்கள் இழந்தது ஒரு தொழில்நுட்பத்தை மட்டுமன்று, தரவரிசையை நிர்ணயிக்கும் அளவுகோலையே என்பதும், புதியவர்களோடு அவை நடத்தும் போட்டியை அந்த இழப்பிலிருந்தே விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மின்சாரக் கார் புதுமையன்று. 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில், சக்கரக் குடத்துக்குள்ளேயே மோட்டாரைப் பொருத்திய வண்டியொன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. அதை வடிவமைத்த இளைஞர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. பெட்ரோல் காரை உலகமெங்கும் பரப்பிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா, தமக்கென்று வைத்திருந்தது டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்னும் மின்சாரக் காரையே. கைப்பிடியைச் சுழற்றி என்ஜினை உயிர்ப்பிக்கும் தொல்லை அதில் இல்லையல்லவா? 1912-இல் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தபோது அந்தச் சௌகரியமும் பெட்ரோல் காருக்குப் போய்ச் சேர்ந்தது. மின்சாரக் காரை வீழ்த்தியவற்றுள் ஒரு சிறிய மின்சார மோட்டாரும் உண்டு என்பது விநோதமே.

புதியவர்கள் பழையவர்களை எவ்வாறு வெல்கிறார்கள் என்ற விஷயத்தில் பெரிதும் எடுத்தாளப்படுவது கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1997-இல் வெளியிட்ட நூல். பெரிய ஸ்தாபனங்கள் அலட்சியப்படுத்தும் கீழ்ச்சந்தையில் குறைந்த தரமும் குறைந்த விலையும் கொண்ட பொருளோடு நுழைகிறவன், படிப்படியாகத் தரத்தை உயர்த்தி மேலே ஏறிவருகிறான் என்பது அவருடைய சித்தாந்தம். மின்சாரக் காரையே அவர் ஓர் உதாரணமாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. நடந்ததோ நேர்மாறு. டெஸ்லா மேலிருந்து இறங்கிற்று. முதலில் விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார், பிறகு அதைவிடச் சகாயமானது, அதன்பின் இன்னும் சகாயமானது என்ற திட்டத்தை ஈலான் மஸ்க் 2006-இலேயே பகிரங்கமாக எழுதிவிட்டார். 2008-இல் வந்த ரோட்ஸ்டரின் விலை லட்சம் டாலரைத் தாண்டியது. 2012-இல் மாடல் எஸ் வந்தது. பேட்டரியின் விலை அக்காலத்தில் இருந்த இருப்பில், அதைத் தாங்கக்கூடிய பணப்பை செல்வரிடமே இருந்தது. பாதி வழியில் மின்சாரம் தீர்ந்துவிடுமோ என்ற அச்சமும், வீட்டில் இரண்டாவது கார் வைத்திருப்பவருக்குப் பெரிதல்ல. சித்தாந்தம் பிழை என்று இதனால் முடிவுகட்ட நான் துணியேன். ஆடம்பரச் சந்தைக்கு அது அப்படியே பொருந்தவில்லை என்று மட்டும் சொல்வேன்.

பழையவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள் என்ற பரவலான அபிப்பிராயமும் சரியன்று. 2009-இல், டெஸ்லா பணமின்றித் தத்தளித்த சமயத்தில், சுமார் 5 கோடி டாலர் கொடுத்து அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை வாங்கியது மெர்சிடிஸின் தாய்ஸ்தாபனமான டைம்லர். 2014-இல், தன்னிடம் எஞ்சியிருந்த பங்கை விற்று, சுமார் 78 கோடி டாலர் பெற்றது. லாபக் கணக்கில் இதைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் அந்த ஐந்தாண்டுகளில் டைம்லர் டெஸ்லாவிடமிருந்து பெற்றதென்ன? சிறிய ஸ்மார்ட் காருக்கு பேட்டரி. பி கிளாஸ் காருக்கு மின்விசை அமைப்பு. அதாவது, விளக்குக்கு ஒருவர், பிரேக்குக்கு ஒருவர், மின்னணுச் சாதனத்துக்கு ஒருவர் என்று உதிரிபாகம் தருபவர்களைக் கொண்டு காரை உருவாக்கி, என்ஜினை மட்டும் தன் குலதனமாகக் காத்துவந்த ஸ்தாபனம், பேட்டரியையும் வெளியே வாங்கக்கூடிய ஓர் உதிரிபாகமாகவே பாவித்தது. அறியாமையைவிட இந்தப் பாகுபாடே அதிகத் தீங்கு செய்தது என்று கருதுகிறேன்.

அதன் விளைவை இரு கார்களை அருகருகே வைத்துப் பார்த்தால் உணரலாம். 2021-இல் இரண்டும் சந்தைக்கு வந்தன. ஒன்று மெர்சிடிஸின் ஈ.க்யூ.எஸ், மற்றொன்று, மாடல் எஸ் காரின் தலைமைப் பொறியாளராக இருந்த பீட்டர் ராலின்சனின் தலைமையில் அரிஸோனாவில் உற்பத்தியான லூசிட் ஏர். காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். காற்றுத்தடைக் குணகம் இரண்டுக்குமே 0.20 அளவில்தான். ஈ.க்யூ.எஸ்ஸின் பேட்டரி சுமார் 108 கிலோவாட்-மணி. லூசிட்டின் மிக நெடுந்தூர வகையில் 118. பேட்டரியில் வித்தியாசம் பத்து சதவீதத்துக்கும் குறைவு. தூரத்திலோ, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டின்படி, ஈ.க்யூ.எஸ்ஸுக்கு 350 மைல் என்றால் லூசிட்டுக்கு 520. அம்மதிப்பீட்டு முறையில் உற்பத்தியாளருக்குச் சிறிது சலுகை உண்டு என்பதைக் கழித்துவிட்டாலும், எஞ்சும் இடைவெளிக்குக் காரணத்தைக் காருக்குள்தான் தேட வேண்டும். 900 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தமும், 74 கிலோ எடையில் 670 குதிரைத்திறன் தரும் மோட்டார்த் தொகுதியும் லூசிட்டின் சொந்தச் சிருஷ்டிகள். பேட்டரி, மோட்டார், குளிரூட்டல் ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் ஒரே சிந்தனையாக உருவாக்கியதால் கிடைத்த பலன் இது. மெர்சிடிஸோ தன் அபாரத் திறமையைக் காற்றுச் சுரங்கத்தில் செலவிட்டு, எஸ் கிளாஸின் கம்பீரத்தைக் கூழாங்கல் வடிவத்துக்குப் பலியிட்டது.

இதற்கு மறுப்பாகப் போர்ஷேயை ஒருவர் காட்டலாம், காட்டவும் வேண்டும். 800 வோல்ட் மின்னழுத்தத்தைத் தொடர் உற்பத்திக் காரில் முதன்முதல் கொணர்ந்தது எந்தப் புதிய கம்பெனியுமன்று, 2019-இல் வந்த போர்ஷே டைக்கான். பழையவர்களால் இயலாது என்ற கூற்று இதனால் விழுந்துவிடுகிறது. அவ்வாறிருக்க, 2023-இல் நாற்பதாயிரத்துக்கு மேல் விற்ற டைக்கான் 2024-இல் 20,836 ஆகச் சரிந்ததேன்? காரணங்கள் பல, சீனா அவற்றுள் தலையாயது. கைப்பேசி விற்றுவந்த ஷாவ்மி, 2024 மார்ச்சில், டைக்கானை நினைவூட்டும் தோற்றத்தோடு, அதன் விலையில் ஒரு சிறு பகுதிக்கே எஸ்.யு.7 என்ற காரை வெளியிட்டு, அவ்வாண்டுக்குள் 1,30,000-க்கு மேல் விற்றுவிட்டது. பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் வாங்குகிற இளந்தலைமுறைக்கு ஆடம்பரம் என்பது திரை, குரலுக்குப் பணியும் மென்பொருள், தானே வழிகாட்டும் சாமர்த்தியம். போர்ஷேயின் தாய்வீடான வோக்ஸ்வாகன் குழுமம் மென்பொருளுக்கென்றே காரியாட் என்ற கிளையைத் தொடங்கியும், அதன் தாமதத்தால் போர்ஷேயின் மின்சார மக்கான் கார் ஆண்டுக்கணக்கில் பின்தங்கிற்று. 2024-இல் அக்குழுமம், அமெரிக்கப் புதிய ஸ்தாபனமாகிய ரிவியனோடு கூட்டுச் சேர்ந்து, 580 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. வெளியே வாங்கும் பழக்கம் போகவில்லை, விலைதான் உயர்ந்திருக்கிறது.

புதியவர்களின் பக்கமும் வெற்றி நிச்சயமன்று. அத்தனை மெச்சத்தக்க காரைச் செய்த லூசிட் 2024 முழுவதிலும் விற்றவை 10,241. சவூதி அரேபிய அரசு நிதியின் தயவால் அது நடக்கிறது. மற்றொரு புதிய மின்சாரக் கார் ஸ்தாபனமான ஃபிஸ்கர் 2024 ஜூனில் திவாலாயிற்று. பழுது பார்க்கும் நிலையங்கள், பெட்ரோல் கார்கள் இன்னும் ஈட்டித் தரும் பணம், பரம்பரையாக வந்த நம்பிக்கை ஆகியவை பழையவர்களின் கோட்டை. டிங்கோல்ஃபிங் ஆலையில் பெட்ரோல் ஏழாம் வரிசையையும் மின்சார ஐ7 காரையும் ஒரே வரிசையில் பூட்டுகிற பி.எம்.டபிள்யூவின் சமரசத்தைப் பொறியியல் தூய்மைவாதிகள் பரிகசித்தாலும், வியாபார விவேகம் என்றே அதை நான் கொள்வேன். எனினும் அது அவகாசம் வாங்குவதேயன்றி, அளவுகோலை மீட்பதன்று. சிலிண்டர்களின் எண்ணிக்கை போன இடத்தில் எதை வைப்பது என்பதில் மெர்சிடிஸ் இப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் ம்யூனிக் கண்காட்சியில் வைக்கப்பட்ட அதன் மின்சார ஜி.எல்.சி. காரின் முன்புறத்தில், பழைய மெர்சிடிஸ்களின் ரேடியேட்டர் முகப்பு பெரிய வடிவில் திரும்பி வந்திருக்கிறது. விரும்புவோருக்கு அதில் 942 ஒளிப்புள்ளிகள் மின்னும்.