டெரி நகரத்துப் பிள்ளை

1993ஆம் ஆண்டு, பாடசாலைகளுக்கிடையிலான குழுப்பாடற் போட்டிக்கு எமது வகுப்பிலிருந்து ஆட்களைத் தெரிவு செய்தபோது, தனிக்குரலில் யார் பாடுவது என்பதில் ஒரு பிணக்கு எழுந்தது. தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து எம்முடன் படித்த ஒரு பிள்ளையின் குரல்தான் எல்லோருடையதிலும் நல்லது. அது எமக்கும் தெரியும். ஆனாலும், "அவ எங்கட பள்ளிக்கூடப் பிள்ளையில்லையே" என்று முணுமுணுத்தவர்கள் நாங்கள்தான். முணுமுணுப்பு ரீச்சரின் காதுவரை போனது. அந்தப் பிள்ளை பின்வரிசையில் நின்று பாடினார்.

பிற்காலத்தில் எம்மில் இருவர் வைத்தியர்களாகி, மேற்பயிற்சிக்காக வட அயர்லாந்தின் டெரி நகரில் சில காலம் பணிபுரிந்தோம். அங்கே வயதான நோயாளிகள் தங்கள் ஊர்ப் பிள்ளையொருத்தியின் கதையைச் சொல்லச் சொல்ல, எமக்கு அந்தப் பின்வரிசைதான் நினைவுக்கு வந்தது.

யூரோவிசன் பாடற் போட்டி 1956இல் தொடங்கியது. ஒவ்வொரு நாட்டின் ஒலிபரப்பு நிறுவனமும் ஒரு பாடலை அனுப்பவேண்டும். அதை எப்படித் தெரிவு செய்வது என்பது அந்தந்த நிறுவனத்தின் பொறுப்பு. 1970இல் பி.பி.சி. மேரி ஹொப்கின் என்ற பாடகியைத் தானே தெரிவு செய்தது. அவர் பாடிய ஆறு பாடல்களுள் எதை அனுப்புவது என்பதை மட்டும் பார்வையாளரிடம் விட்டது. டப்ளினில் இருந்த ஆர்.ரி.ஈ. நிறுவனத்தின் வழி வேறு. பல பாடல்களைப் பல பாடகர்களிடம் கொடுத்துத் தேசியப் போட்டியொன்றை நடத்தி, அதில் வென்றதை அனுப்பியது.

1969ஆம் ஆண்டுத் தேசியப் போட்டியில் ரோஸ்மேரி பிரவுன் என்ற பாடசாலை மாணவி டானா என்ற மேடைப்பெயரில் பாடி இரண்டாமிடம் பெற்றார். முதலிடம் முரியல் டேக்குக் கிடைத்தது. இருவருமே வடக்கைச் சேர்ந்தவர்கள். அதாவது எல்லைக்கு அப்பால், பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த பகுதியினர். பாடுபவர் எந்நாட்டவர் என்று யூரோவிசன் விதிகள் கேட்பதில்லை; டப்ளினும் கேட்கவில்லை.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் டெரியின் பொக்சைட் பகுதியில் மூன்று நாட்கள் மக்களுக்கும் பொலிசாருக்கும் இடையே மோதல் மூண்டது. 14ஆந் திகதி பிரித்தானிய இராணுவம் தெருவில் இறங்கியது. டானாவின் ஊர் அதுதான். அவர் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கவேண்டுமென்று பாட்டை ஒதுக்கி வைத்திருந்தார். (பரீட்சைக் காலத்தில் குண்டுச் சத்தத்தோடு படித்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.) ஆனால் தேசியப் போட்டியின் தயாரிப்பாளர் ரொம் மக்ராத் முந்திய ஆண்டின் குரலை மறக்கவில்லை. வந்திருந்த பாடல்களுள் ஒன்று இவருக்கே பொருந்தும் என்று கருதி, மீண்டும் வருமாறு அழைத்தார்.

'ஓல் கைண்ட்ஸ் ஒவ் எவ்ரிதிங்' என்ற அந்தப் பாடலை எழுதியவர்களும் பெயர்பெற்றவர்கள் அல்லர். டப்ளின் பத்திரிகையொன்றில் அச்சுக்கோக்கும் தொழில் செய்த இருவர். ஒருவரின் பெயரே டெரி என்பது வேடிக்கை. கண்ணில்படும் சின்னச் சின்ன அழகுகளெல்லாம் அன்புக்குரியவரை நினைவூட்டுவதாகச் சொல்லும் எளிய பாட்டு. அரசியலின் வாடையே அதில் இல்லை. அதனாற்றானோ என்னவோ, அந்த ஆண்டு அதற்கு இருபுறத்தும் செவிகள் திறந்திருந்தன என்பது எமது எண்ணம்.

டானா தேசியப் போட்டியில் வென்றார். 1970 மார்ச் 21இல் அம்ஸ்ரர்டாமில் பன்னிரண்டு நாடுகள் போட்டியிட்டன. முந்திய ஆண்டு நான்கு நாடுகள் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டதால் மனம் வெறுத்துச் சில நாடுகள் வரவேயில்லை. பதினெட்டு வயது டானா 32 புள்ளிகள் பெற்றார்; மேரி ஹொப்கினுக்கு 26. அயர்லாந்துக்கு அதுவே முதல் வெற்றி. அப்பாடல் பிரித்தானியாவின் விற்பனைப் பட்டியலிலும் முதலிடத்துக்கு ஏறியது.

அடுத்த ஆண்டுப் போட்டி டப்ளினில் நடந்தது. இப்போது சிக்கல் பி.பி.சி.க்கு. அன்றைய நிலைமையில் லண்டன் அனுப்பும் பாடகியை டப்ளின் மக்கள் எப்படி வரவேற்பார்கள் என்ற அச்சம். இரு நாட்டு இரசிகர்களும் அறிந்த குளோடா ரொஜர்சை அவர்கள் தெரிவு செய்தார்கள். அவரும் வடக்கில், வொரன்பொயின்ற் என்ற ஊரில் பிறந்தவர். நான்காமிடம் பெற்றார். பிரித்தானியாவுக்காகப் பாடியதற்குத் தமக்குக் கொலைமிரட்டல்கள் வந்ததாக அவர் பிற்பாடு கூறினார்.

ஆக, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் வட அயர்லாந்துப் பெண்கள் இருவர் இரண்டு நாடுகளுக்காகப் பாடினார்கள். டெரியில் டானாவின் பெயரை எடுத்தால் நோயாளிகளின் முகம் மலர்ந்ததைக் கண்டோம். குளோடாவைப் பற்றி அங்கு யாரிடமும் நாம் கேட்கத் துணியவில்லை.

எமது குழு அந்தப் போட்டியில் மூன்றாமிடம் பெற்றது. இம்மலருக்காகப் பழைய படங்களைத் தேடியபோது அன்றெடுத்த படமும் கிடைத்தது. பின்வரிசையில் இடப்பக்கம் நிற்பவர்தான் அந்தப் பிள்ளை. படத்தின் பின்புறம் எமது பெயர்கள் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. அவருடையது மட்டும் இல்லை. 1995 இடப்பெயர்வுக்குப் பின் அவரை நாம் காணவில்லை. எங்கிருக்கிறார் என்று அறிந்தவர்கள் சங்கத்துக்குத் தெரிவித்தால், மலரின் ஒரு பிரதியை நாமே அனுப்பிவைப்போம்.