மறுப்பதற்கு ஓர் இடம்: குமரிக் கடற்புறத்தில் வேர்கொண்டு படகும் வீடும் வடிவமைத்த அனுபவம்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்ட மக்களில் 82 விழுக்காட்டினர் நகரவாசிகள். தமிழகத்தில் சென்னைக்கு அடுத்த இடம் இது. நாகர்கோவிலைத் தவிரப் பெரிய நகரம் என்று சொல்ல எதுவும் இல்லாத மாவட்டத்துக்கு இந்த எண்ணைத் தேடிக்கொடுத்தவை ஐம்பதுக்கு மேற்பட்ட பேரூராட்சிகள். தோப்பும் வயலும் குளமுமாகக் கிடக்கும் இவை நகரமா கிராமமா என்பதில் அரசுக்கே தெளிவு இருந்ததில்லை. 2004 ஜூனில் தமிழகப் பேரூராட்சிகளில் பெரும்பாலானவை சிறப்புக் கிராம ஊராட்சிகள் ஆக்கப்பட்டன. கிராமங்களுக்கான மத்திய நிதியைப் பெறுவது அதன் நோக்கம். 2006 ஜூலையில் அவை மீண்டும் பேரூராட்சிகள் ஆயின. இந்த இரண்டு ஆணைகளுக்கும் நடுவில், 2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை வந்தது.

குமரிக் கடற்புறத்தை நகர வடிவமைப்பின் பொருளாகக் கொள்ள வேண்டும் என்ற இக்கட்டுரையின் தொடக்க நிலைப்பாட்டுக்கு இந்த வகைப்பாட்டுக் குழப்பமே ஒரு காரணம். இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரிவது. ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட மீனவர் ஊர்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், கடலை நோக்கி இறங்கும் முடுக்குகள், கோயில் முற்றம், குருசடி, ஏலம் போடும் மணல், வலை பொத்தும் நிழல் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. இந்த ஊர்களைக் கடலிலிருந்தும் வாசிக்கிறார்கள் என்பது கரையில் நின்று வரைபடம் போடுகிறவர் எளிதில் விட்டுவிடும் செய்தி. தேவாலயக் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் மலையையும் ஒரே கோட்டில் நிறுத்திக் கடலில் தன் இடத்தைக் குறித்துக்கொள்ளும் கணிச்சம் இந்தக் கரையின் பழைய அறிவு. ஊரின் உயரமான கட்டடம் எங்கே நிற்கிறது என்பது இங்கே அழகியல் கேள்வி மட்டுமல்ல.

திட்டமிடலில் எளியோர் பக்கம் நின்று வாதாடும் மரபுக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் பால் டேவிடாஃப். அரசின் ஒற்றைத் திட்டத்துக்கு எதிராக ஒவ்வொரு தரப்புக்கும் தனக்கென ஒரு திட்டமும் அதை வாதாட ஒரு நிபுணரும் வேண்டும் என்று 1965இல் அவர் எழுதினார். நான்கு ஆண்டுகள் கழித்து ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன், பங்கேற்பு என்ற பெயரில் நடப்பனவற்றை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக அடுக்கிக் காட்டினார். இருவரும் கவனித்தது யார் பேசுகிறார்கள், அந்தப் பேச்சு எங்கே போய்ச் சேருகிறது என்பதை. நம் ஊர்க் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் பேச்சுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. நான் முன்வைக்கும் அளவுகோல் வேறு: ஒரு வடிவத்தை வேண்டாம் என்று சொல்கிறவர் அப்படிச் சொன்னதால் எதை இழக்கிறார்? இழப்பு மிகுதியாக இருக்கும் இடத்தில் எத்தனை கூட்டம் போட்டாலும் அது கையெழுத்து வாங்கும் சடங்காகவே முடியும். ஒரே கடற்புறத்தில் வேர்கொண்ட இரண்டு அனுபவங்கள், ஒன்று படகிலும் மற்றது வீட்டிலும், இதைக் காட்டுகின்றன.

முதலாவது முட்டத்தில் நடந்தது. கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூகப் பணி அமைப்பான கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தோடும், பெல்ஜியக் குரு ஜேம்ஸ் தோம்பேரின் பெயரோடும், பெல்ஜிய இந்தியக் கிராம மறுசீரமைப்புத் திட்டத்தோடும் இணைந்தது அதன் கதை. ஏலத்தில் வியாபாரியின் பிடியிலிருந்து மீனவரை விடுவிக்கும் மீன் விற்பனைச் சங்கங்கள் ஒருபுறம் வளர்ந்தன. படகுகட்டும் முயற்சி இன்னொருபுறம். கட்டுமரத்துக்கு உகந்த மென்மரம் அரிதாகி விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. மாற்றாகக் கடல்தரப் பிளைவுட்டில் ஒரு கலம் வேண்டும். ஆனால் குமரியின் மேற்குக் கரை எல்லாக் கலத்தையும் ஏற்பதில்லை. கரையிலேயே உடைந்து சுருளும் அலையைக் கடந்து போய், அதே அலையில் திரும்பி வந்து மணலில் ஏற வேண்டும். கட்டுமரம் இதைச் சாதித்த விதம் எளிது: உள்ளே தண்ணீர் தேங்க அதற்கு உள் என்று ஒன்று இல்லை. பெல்ஜியத்திலிருந்து வந்த படகுக் கலைஞர் பியர் ஜில்லே முட்டத்தில் மீனவரோடு சேர்ந்து உருவாக்கிய 'கோட்டார்கேட்' இந்தக் குணத்தைத்தான் பிளைவுட்டுக்குக் கொண்டுவர முயன்றது. மேல்தளம் மூடியிருக்கும், ஏறிய தண்ணீர் தானே வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் மிதக்கும். பலகைகளைக் கம்பியால் தைத்து, மூட்டுகளை ஃபைபர் நாடாவும் பிசினும் கொண்டு இறுக்கும் முறையும் இந்தப் பட்டறைகளில் பரவியது.

இந்த முயற்சியை ஜில்லே 1985இல் நூலாக எழுதியபோது வைத்த தலைப்பின் பொருள் 'சிறியது கடினம்' என்பது. ஷூமாக்கரின் 'சிறியதே அழகு' என்ற புகழ்பெற்ற தலைப்பைச் செல்லமாகக் குத்திய அது, சிறு படகுத் தொழில்நுட்பத்தைக் கைமாற்றும் வேதனையை மறைக்காமல் சொன்ன ஆவணம். வடிவம் மேம்படக் காரணமாக இருந்தது வடிவமைப்பாளரின் பணிவா மீனவரின் அறிவா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன்; ஆனால் இரண்டையும் வேலை செய்ய வைத்த ஏற்பாடு மூன்றாவது. படகு கடனுக்கு விற்கப்பட்டது, இலவசமாகத் தரப்படவில்லை. பிடிக்காவிட்டால் வாங்காமல் இருக்கலாம். வாங்காதவரின் பழைய கட்டுமரத்தை யாரும் பறித்துக்கொள்ளப் போவதில்லை. மீனவர் பேச வேண்டிய அவசியம்கூட இல்லை. அவர் மௌனமாகப் பழைய மரத்தில் கடலுக்குப் போனாலே பட்டறைக்குச் செய்தி கிடைத்துவிடும்.

மீன் விற்பனைச் சங்கமோ மீனவரின் அன்றாடப் பணப்புழக்கத்தின் ஓர் அங்கம். மீனைச் சங்கத்தின் மூலம் ஏலம் விடுகிறார். விற்ற பணத்தில் ஒரு பகுதி கடனுக்கும் ஒரு பகுதி சேமிப்புக்கும் போகிறது. நம்பிக்கை போனால் அடுத்த நாள் மீன் வேறு கைக்குப் போகும். குமரியிலும் திருவனந்தபுரத்திலும் வளர்ந்த இந்தக் கிராமச் சங்கங்களும் அவற்றின் மாவட்டக் கூட்டமைப்புகளும் சேர்ந்து 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு என்ற தலைமை அமைப்பை உண்டாக்கின. பிளைவுட் படகுக் கூடங்களையும், பின்னர் வெளிப்பொருத்து எஞ்சின்களின் இறக்குமதியையும் பழுதுபார்ப்பையும் அது நடத்தியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் தன் வாடிக்கையாளருக்கே பதில் சொல்லிப் பழகிய அந்த அமைப்புதான் 2005இல் வீடு கட்டப் போனது.

ஆழிப்பேரலையில் குமரி மாவட்டத்தில் எண்ணூறு பேரளவில் இறந்தனர். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய இடங்களில் பேரிழப்பு. மேல மணக்குடியையும் கீழ மணக்குடியையும் இணைத்த பாலம் பெயர்ந்துபோனது. தமிழக அரசு 2005 ஜனவரி 13ஆம் நாள் வெளியிட்ட அரசாணை 25, வீடு கட்டும் பணியில் தொண்டு நிறுவனங்களையும் தனியாரையும் பங்காளிகளாக அழைத்தது. ஒரு வீட்டுக்கு மதிப்பு 1.5 லட்சம் ரூபாய். மார்ச் 30ஆம் நாளின் அரசாணை 172 நிபந்தனையை வகுத்தது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர் பழைய மனையையும் வீட்டையும் விட்டுக்கொடுத்தால் உள்ளே தள்ளி இலவசப் புதுவீடு. விட்டுக்கொடுக்க மனமில்லாதவர் இருந்த இடத்திலேயே பழுதுபார்த்துக்கொள்ளலாம், ஆனால் அரசின் வீட்டு உதவி கிடைக்காது. ஆணையின் மொழியில் இது விருப்பத் தேர்வு. கடலோர மனை ஒரு குடும்பத்துக்குத் தொழிலிடம், வலைக்கூடம், மீன் உலர்த்தும் களம். அதை இழந்தால்தான் வீடு என்னும்போது, புதுவீட்டின் அடுக்களை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கேட்கும் கூட்டத்துக்கு அர்த்தம் பாதிதான்.

குமரியில் இந்த இடமாற்றத்துக்கு இன்னொரு கனமும் உண்டு. இந்துக்களும் கிறிஸ்தவ மீனவரும் மோதிய 1982ஆம் ஆண்டு மண்டைக்காட்டுக் கலவரத்தின் நினைவு மங்காத மாவட்டம் இது. கடற்புறத்துக்கும் உட்பகுதிக்கும் நடுவே சாதி, சமயம், நில உடைமை என எல்லாம் மாறும். உட்பகுதியில் மனை தேடுவது பிறர் நிலத்தின் நடுவே குடியேறுவது. அரசாணையில் மீட்டர் கணக்கில் அளந்த இடைவெளியை ஊரார் அளந்த அலகு வேறு.

பெருந்தொகையோடு வந்த அமைப்புகள் பல ஒப்பந்தக்காரரிடம் வேலையை ஒப்படைத்தன. வரிசை வரிசையாக ஒரே அச்சு வீடுகள் எழுந்தன. நாகப்பட்டினக் கரையில் கள ஆய்வு செய்த ஜெனிஃபர் டைன் பாரன்ஸ்டைன், கட்டுமான வசதிக்காக மரங்களை மொத்தமாக வெட்டியதையும், சேதமில்லாத வீடுகள்கூட இடிபட்டதையும் பதிவுசெய்திருக்கிறார். 2001 நிலநடுக்கத்துக்குப் பிந்தைய குஜராத்தைப் பற்றிய அவருடைய ஒப்பாய்வு, ஒப்பந்தக்காரர் புதிய இடத்தில் கட்டித் தந்த வீடுகளைவிட, அரசின் பணத்தைக் கையில் வாங்கித் தாமே கட்டிக்கொண்ட குடும்பங்கள் மிகுந்த மனநிறைவோடு இருந்ததைக் காட்டியது.

மீனவர் கூட்டமைப்பு தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் செய்தது இந்தப் பின்னணியில் பொருள்படும். அது சோழமண்டலக் கரை. பட்டினவர் ஊர்ப் பஞ்சாயத்து ஆளும் இடம். குமரியின் கத்தோலிக்கப் பங்குப் பேரவையும், அண்டைக் குடும்பங்கள் கூடும் அன்பியமும் அங்கே இல்லை. ஆனால் வேலைமுறை தெற்கே கற்றது. லாரி பேக்கரின் வழியில் வந்தவரும் குஜராத் மறுகட்டுமானத்தில் ஈடுபட்டவருமான கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸ் அதற்கு வடிவமைப்பாளர். ஓர் அச்சுக்குப் பதிலாகப் பல மாதிரிகள் வைக்கப்பட்டன. குடும்பம் தன் மனைக்கும் தேவைக்கும் ஏற்றதைத் தேர்ந்து மாற்றிக்கொள்ள இடம் இருந்தது. நின்ற மரங்களை விட்டுக் கட்ட முயன்றார்கள். மறுப்பின் விலையைக் குறைப்பதற்கான செயற்கையான ஏற்பாடு என்றே இதை நான் வாசிக்கிறேன். முட்டத்தில் விற்பனை தந்த சோதனையை இலவச வீடு தராது. அதனால் மாதிரிகளுக்கு இடையே ஒரு சந்தையை வடிவமைப்பாளரே உண்டாக்க வேண்டியிருந்தது. அது நல்ல வேலை. முழுமையான வேலை அல்ல, ஏனென்றால் மாதிரிகளில் எதுவும் வேண்டாம் என்பவருக்கான வழி அரசாணையின் கையில் இருந்தது.

என் அளவுகோலுக்கு எதிரான வலுவான வாதம் வேறு பக்கத்திலிருந்து வரும். மறுக்க முடிந்தவர் யார்? படகு வாங்குகிறவர் படகு வாங்கத் தக்கவர். பங்குக்கு வேலை செய்யும் கூலி மீனவருக்கும், தலைச்சுமையாக மீன் விற்ற பெண்களுக்கும் முட்டத்துப் பட்டறையில் என்ன வாக்கு இருந்தது? கடற்புறத்து ஊர்க் குழுக்கள் நெடுங்காலம் ஆண்களின் அவைகள். புதுவீட்டுப் பட்டாவைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் தரச் செய்தது அரசு. ஊர் அவைகள் கேட்டுப் பெற்றது அல்ல அது. இதை ஒப்புக்கொண்டாக வேண்டும். மறுக்கும் உரிமை இருக்கிறதா என்பதோடு அது வீட்டுக்குள் எந்தக் கை வரை இறங்குகிறது என்பதையும் அளவுகோலில் சேர்க்க வேண்டும். அடுக்களைப் புகை, கருவாட்டுக் களம், இருட்டிய பிறகு கழிப்பிடத்துக்கான நடை ஆகியவற்றை ஊர்த்தலைவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அரசைச் சந்தேகிக்கும் நம் ஆய்வு மரபு ஊரை அவ்வளவாகச் சந்தேகிப்பதில்லை.

மறுப்பு மட்டும் தனியே நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் குமரியில் சான்று உண்டு. 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை இனையத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. கடற்புறம் திரண்டு எதிர்த்தது. திட்டம் கிழக்கே கோவளத்துக்கும் கீழ மணக்குடிக்கும் இடைப்பட்ட கரைக்கு நகர்ந்தது. அங்கும் எதிர்ப்பு எழுந்தது. தெருவில் இறங்கி மறுக்க இந்த மக்களுக்குத் தெரியும். ஆனால் தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுக முகத்துவாரத்தில் அலையில் சிக்கிப் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போகும்போது அவர்கள் கேட்பது துறைமுகமே வேண்டாம் என்றல்ல. அலைத்தடுப்புச் சுவரை மாற்றி அமைக்க வேண்டும் என்று. அது வடிவமைப்புக் கோரிக்கை. அதை முன்வைக்க முழக்கம் போதாது; வரைபடமும், அலையின் திசையும், மணல் சேரும் பருவமும் தெரிந்த ஒரு தரப்பு வேண்டும். டேவிடாஃப் சொன்ன வாதாடும் நிபுணருக்கு இன்றைய குமரியில் வேலை இங்கேதான்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று காத்திருக்கிறது. 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மீனவரின் நீண்டகால வீட்டுத் தேவையைக் கடலோர மேலாண்மைத் திட்டத்தில் சேர்க்கச் சொன்னது. 2019ஆம் ஆண்டின் அறிவிக்கை, ஊரகக் கடற்கரையில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களில் கட்டுமானத் தடைப் பட்டையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. குமரிக் கடற்புறத்தின் நெருக்கம் முதன்முறையாகச் சட்டத்தில் எடை பெறும் இடம் இது. வீடு கட்ட வழி திறக்கும் அதே விதி விடுதி கட்டுகிறவருக்கும் வழி திறக்கும். பேரூராட்சி எல்லைக்குள் வரும் கரை கட்டடம் நிறைந்த நகரப் பகுதி என்று கருதப்பட்டால் கணக்கே வேறு. ஆகவே எந்த மணல் யாருடைய தொழிலிடம் என்பதை, விதியைப் பயன்படுத்த வேறொருவர் வருமுன், ஊர் தானே வரைந்து வைத்திருக்க வேண்டும். சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவ இளைஞர்கள் தங்கள் பொதுவிடங்களைத் தாங்களே வரைபடமாக்கிய முயற்சி கைக்கெட்டும் முன்மாதிரி.

கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்களின் பொது அளவு 1:25,000. அந்தத் தாளில் 200 மீட்டர் என்பது 8 மில்லிமீட்டர். 50 மீட்டர் 2 மில்லிமீட்டர். கரமடி வலை இழுக்கும் மணலும் வலை பொத்தும் நிழலும் அந்த 2 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. சர்வே எண் தெரியும் ஏறத்தாழ 1:4,000 அளவிலும் திட்டம் தயாரிக்க அறிவிக்கையே சொல்கிறது. அங்கே 50 மீட்டர் ஒன்றேகால் சென்டிமீட்டர் ஆகும். ஓர் அன்பியத்தின் இருபது முப்பது குடும்பங்கள், பெண்கள் உட்பட, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பென்சிலால் திருத்த அந்த அளவு போதும். அந்தத் திருத்தங்களை ஏற்காத திட்டத்துக்குக் கருத்துக்கேட்பில் ஊர் கையெழுத்திடாது என்று முன்கூட்டியே முடிவெடுக்கும் அமைப்பு கடற்புறத்தில் இருக்கிறதா என்பதே அடுத்த ஆய்வுக்கான கேள்வி.