மன்னர் போன பிறகு புத்தர்: பதானும் லுவாங் பிரபாங்கும்

மன்னராட்சி போனபின் அரண்மனையை அருங்காட்சியகமாக்குவது ஆசியாவில் பழகிய காரியம். உள்ளே இருக்கும் புத்தரை எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் ஊருக்கு ஊர் வழி மாறுகிறது. லாவோஸின் லுவாங் பிரபாங்கும் நேபாளத்தின் பதானும் இதில் எதிரெதிர்த் திசை.

லுவாங் பிரபாங் அரண்மனைக்கு வயது அதிகமில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1904-இல் மன்னர் சிசவாங் வோங்குக்காகக் கட்டத் தொடங்கினார்கள். வாசல் முகப்பில் வெண்குடையின் கீழ் மூன்று தலை யானை. சிம்மாசன மண்டபத்தின் செஞ்சுவர்களில் வண்ணக் கண்ணாடிச் சில்லுகளால் இழைத்த காட்சிகள். 1975-இல் முடியாட்சி ஒழிந்தது. கடைசி மன்னர் சவாங் வத்தனா மறுகல்வி முகாமுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். அரச குடும்பத்தின் அறைகளைப் பத்திரமாகக் காட்டுகிறார்கள். மன்னரின் இந்த முடிவைத்தான் சொல்வதில்லை.

மன்னரின் பதவி பறிபோனது. ஃபிரா பாங் என்னும் புத்தர் சிலையின் பதவி போகவில்லை. 83 செ.மீ. உயரம், இரு கைகளாலும் அபயம் காட்டி நிற்கும் கோலம். இலங்கையில் வார்த்தது என்பது ஐதீகம். பாணி கெமர் என்பது ஆய்வாளர் கருத்து. சயாம் படைகள் இருமுறை தூக்கிப்போய், இருமுறையும் திருப்பித் தந்த சிலை இது. இப்போது அரண்மனை வளாகத்திலேயே தனிக் கோயிலில் இருக்கிறது. ஏப்ரல் புத்தாண்டில் ஊர்வலமாக வாட் மாய் விகாரைக்கு எழுந்தருள, ஊரே வந்து நீராட்டுகிறது. நம் கணக்கில் சொன்னால் உற்சவர், காட்சிப்பொருள் அல்ல.

பதானில் கதை தலைகீழ். கேசவ நாராயண சௌக் என்னும் அரண்மனைப் பகுதி 1734-இல் எழுந்தது. கட்டிய மல்ல வம்ச மன்னர்கள் இந்துக்கள். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது ஒரு புத்த விகாரை; அரண்மனைக்காக அதை வேறிடத்துக்கு மாற்றினார்கள். ஆஸ்திரியா உதவியுடன் புதுப்பித்து 1997-இல் அருங்காட்சியகமாகத் திறந்தபோது, புத்தரும் அவலோகிதேசுவரரும் தாராவும் அதே மண்ணுக்குத் திரும்பினார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள். இந்து தெய்வங்களும் உடனிருக்கின்றன. கோயில்களிலிருந்து திருடப்பட்டு, கடத்தலில் பிடிபட்டு மீண்டவையும் இவற்றில் உண்டு.

பதானின் பெருமை அது கற்றுக்கொடுப்பதில் இருக்கிறது. எந்த முத்திரை எந்தப் புத்தருக்குரியது என்று பொறுமையாக விளக்குகிறார்கள். மெழுகில் உரு, அதன்மேல் களிமண், மெழுகை உருக்கி வடித்தபின் உலோகம் என்று வார்ப்பின் ஒவ்வொரு படியும் கண்முன் இருக்கிறது. சுவாமிமலைப் பட்டறையைப் பார்த்தவருக்கு முறை புரிந்துவிடும். வித்தியாசம், நம் ஸ்தபதிகள் கனமாக வார்க்கும் இடத்தில் பதானின் நேவாரிக் கைவினைஞர்கள் பெரும்பாலும் செம்பில் உட்கூடாக வார்த்துப் பொன்முலாம் பூசுகிறார்கள்.

பெட்டிக்குள் இருக்கும் தாராவுக்குப் பூப்போட ஆளில்லையே என்ற குறை எனக்கும் உண்டு. ஆனாலும் அருங்காட்சியகம் என்ற அளவில் பதானே மேல். லுவாங் பிரபாங் போவதானால் ஏப்ரல் புத்தாண்டில் போங்கள். மற்ற நாட்களில் அங்கே அரண்மனையைப் பார்க்கலாம், ஊருக்கும் புத்தருக்கும் உள்ள உறவைப் பார்க்க முடியாது.