கலாமின் பட்டியலில் இல்லாத ஏவுகணை



இந்தியா ஓர் ஏவுகணையைப் பரீட்சித்தால் போதும், எமது பக்கத்து வட்ஸ்அப் குழுமங்களில் மர்ஹூம் அப்துல் கலாமின் படமும் கூடவே வந்துவிடும். இராமேஸ்வரத்துத் தோணிக்காரரின் மகன், தமிழ் பேசும் முஸ்லிம். அந்தப் பாசம் எமக்கும் உண்டு. ஆனால் 'நிர்பய்' என்ற நீண்டதூர ஏவுகணையையும் அவர் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். பிள்ளைகளும் அப்படியே நம்புகிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

1983இல் கலாமின் தலைமையில் தொடங்கிய திட்டத்தில் இருந்தவை ஐந்து: பிருத்வி, அக்னி, திரிசூல், ஆகாஷ், நாக். இவற்றில் தூரத்துத் தரை இலக்குக்கானவை பிருத்வியும் அக்னியும். அவை எறிந்த கல்லைப் போல மேலே போய் வளைந்து விழும். நிர்பய் வேறு சாதி. அது 'குரூஸ்' வகை, அதாவது விமானி இல்லாத ஒரு சிறிய விமானம். ரொக்கெட் ஒன்று அதைக் கிளப்பிவிட்டுக் கழன்றுவிடும். பிறகு சிறகு விரியும், காற்றை உறிஞ்சும் ஜெட் எஞ்சின் ஓடத் தொடங்கும். பயணிகள் விமானத்தைவிட வேகம் குறைவுதான். ஆனால் தாழப் பறப்பதால், பூமியின் வளைவு அதை ராடாரின் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

இந்த யோசனை பழையது. 1944 ஜூன் 13இல் ஜேர்மனியின் வி-1 இலண்டனில் விழத் தொடங்கியது. அதன் இரைச்சல் கேட்கும்வரை மக்கள் பயப்படவில்லையாம். இரைச்சல் திடீரென நின்றால்தான் ஓடி ஒளிந்தார்களாம், ஏனென்றால் எஞ்சின் நின்றால் அது விழப்போகிறது என்று அர்த்தம். ஆகாயத்துச் சத்தத்தைக் காதால் பிரித்தறிந்து பதுங்கிய வாப்பாமாரும் உம்மாமாரும் உள்ள ஊர்கள் எங்களுடையவை. இதை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1991 ஜனவரி 17இல் அமெரிக்கக் கப்பல்களிலிருந்து 'டொமஹோக்' ஏவுகணைகள் பக்தாத்துக்குப் பறந்தபோது, வளைகுடாவில் உழைக்கப் போனவர்களை நினைத்து எமது கரையோர வீடுகள் துஆவில் இருந்தன. பெருமைப் பதிவு போடுகிறவர்கள் இந்தப் பொருள் எதற்காகச் செய்யப்படுகிறது என்பதையும் நினைவில் வைத்திருந்தால் நல்லது.

சரி, இந்தியா ஏன் இதை வெளியில் வாங்கவில்லை? 1987இல் வல்லரசுகள் சேர்ந்து ஒரு கட்டுப்பாட்டை உண்டாக்கின. 500 கிலோ சுமையை 300 கிலோமீற்றருக்கு மேல் கொண்டுசெல்லும் ஏவுகணைகளையும் அவற்றின் தொழில்நுட்பத்தையும் பிறருக்குக் கொடுப்பதில்லை என்பது அதன் சாரம். கலாமுக்கு உண்மையில் உரிய குரூஸ் ஏவுகணை இங்கேதான் வருகிறது. 1998 பெப்ரவரியில் ரஷ்யாவுடன் அவர் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் பிறந்தது 'பிரம்மோஸ்'. 2001 ஜூன் 12இல் முதலில் பறந்தது. ஒலியைவிட வேகமானது. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டால் அதன் தூரம் 290 கிலோமீற்றரோடு நின்றது. 1,000 கிலோமீற்றர் வேண்டுமென்றால் சொந்தமாகத்தான் செய்ய வேண்டியிருந்தது.

பெங்களூரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமொன்று அதைச் செய்தது. 2013 மார்ச் 12இல் ஒடிசாவின் சாந்திப்பூர் கரையிலிருந்து முதற்பரீட்சை. நிர்பய் வழி தவறியது, இடைநடுவில் நிறுத்தினார்கள். 2014 ஒக்டோபரில் 1,000 கிலோமீற்றருக்கு மேல் பறந்தது. அடுத்த வருடம் தோல்வி. 2016 டிசம்பரில் மறுபடி தோல்வி. 2017 நவம்பரில் 50 நிமிடத்தில் 647 கிலோமீற்றர் பறந்து வெற்றி, 2019 ஏப்ரலிலும் வெற்றி. 2020 ஒக்டோபரில் திரும்பவும் தோல்வி. ஏழு தடவையில் நான்கு தோல்வி! பகிரப்படும் காணொளிகளில் வருவது மற்ற மூன்றும்தான்.

இதற்குள் இன்னொரு சிக்கல். தொடக்கத்தில் நிர்பய் பறந்தது ரஷ்ய எஞ்சினில். ரொக்கெட் செய்யத் தெரிந்த நாட்டுக்கு ஒரு சின்ன ஜெட் எஞ்சின் பெரிய காரியமா என்று கேட்கத் தோன்றும். பெரிய காரியம்தான். தணல் போன்ற சூட்டில் நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுழலும் தகடுகள் மணிக்கணக்கில் உருக்குலையாமல் நிற்க வேண்டும். போர்விமானத்துக்காகப் பல தசாப்தங்கள் முயன்ற 'காவேரி' எஞ்சின் இன்றுவரை தேஜஸ் விமானத்தில் ஏறவில்லை. தேஜஸ் பறப்பது அமெரிக்க எஞ்சினில். அதே காவேரியைச் செய்த பெங்களூர் நிலையம்தான் நிர்பய்க்காக 'மாணிக்' என்ற சிறிய எஞ்சினையும் உருவாக்கியது. 2024 ஏப்ரல் 18இல் உள்நாட்டு எஞ்சினோடு ஒரு குரூஸ் ஏவுகணை சாந்திப்பூரிலிருந்து வெற்றியாகப் பறந்ததாக அறிவித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 12இல், நீண்டதூரத் தரைத்தாக்குதல் ஏவுகணை என்ற புதிய பெயரில், நிர்பயின் வாரிசு வாகனமொன்றிலிருந்து ஏவப்பட்டது.

கலாம் வபாத்தானது 2015 ஜூலை 27இல். அதாவது நிர்பயின் இரண்டு பரீட்சைகள் மட்டுமே நடந்திருந்தன, ஒன்று தோல்வி, ஒன்று வெற்றி. அந்த ஒடிசாக் கரைக்கு அப்பால், எமது கடலான அதே வங்காள விரிகுடாவில், இந்தியா ஏவுகணை பரீட்சிக்கும் தீவொன்று உண்டு. முன்னர் வீலர் தீவு என்றிருந்த அதற்கு, அவர் மறைந்த சில வாரங்களில் அப்துல் கலாம் தீவு என்று பெயரிட்டார்கள்.