வழித்துணையும் ஒதுக்கிய பெட்டியும்

சிலப்பதிகார வகுப்பு. புகார்க் காண்டத்தின் நாடுகாண் காதையை நடத்திக்கொண்டிருந்தோம். கவுந்தியடிகள் சாபமிடும் இடம் வந்ததும் கடைசி வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். பாடத்தில் ஐயம் போலும் என்று எண்ணினோம். "மேடம், நான் கிளம்பலாமா? இந்த ட்ரெயினை விட்டா பம்மல் போய்ச் சேர இருட்டிடும்" என்றாள்.

எம் கல்லூரியில் முதுகலை வகுப்புகள் பிற்பகல் ஷிப்டில் நடக்கின்றன. கார்த்திகை பிறந்துவிட்டால் கடைசிப் பாடவேளை முடியுமுன்பே வானம் இருண்டுவிடும். மூன்று வாரமாக அவள் அந்தக் கடைசிப் பாடவேளையை இழந்துவருகிறாள். இருட்டுவதற்குள் வீடு திரும்புவதானால் படிக்கலாம், இல்லையேல் வேண்டாம் என்பது தந்தையார் விதித்த நிபந்தனை. ரயிலில் ஏதும் தொல்லையா என்று மறுநாள் விசாரித்தோம். "ரயில்ல ஆளுங்க இருப்பாங்க மேடம். பல்லாவரத்துல இறங்கி, ரோடு தாண்டி, பஸ் ஏறி, பம்மல்ல இறங்கி வீட்டுக்கு நடக்கணும்ல, அதுதான்" என்றாள். நமக்கும் பம்மல்தான் ஊர் என்பதால் மேலே எதையும் விளக்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.

அன்று பாதியில் நின்ற பாடத்துக்கே வருவோம். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகிறார்கள். மாடத்தை விட்டு இறங்கி அறியாத பெண் நெடுவழி நடக்கிறாள். உறையூரின் புறத்தே ஒரு சோலையில் வம்பர் இருவர் எதிர்ப்பட்டு, இவர்கள் யார் என்று கவுந்தியைக் கேட்கிறார்கள். என் மக்கள் என்கிறார் அடிகள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் கணவனும் மனைவியுமாவது எந்த நூலில் உண்டு என்று எள்ளுகிறார்கள் அவர்கள். கண்ணகி செவியைப் பொத்திக்கொண்டு கணவன் முன் நடுங்கி நிற்கிறாள். கோவலனும் வாய் திறக்கவில்லை. கவுந்திதான் வெகுண்டு, அவ்விருவரையும் முள்ளுடைக் காட்டில் நரிகளாகும்படி சபிக்கிறார். பின்னர் கண்ணகியும் கோவலனும் அவர்களுக்காக இரங்கி வேண்ட, சாபத்துக்கு எல்லை வகுக்கப்படுகிறது. பன்னிரண்டு திங்கள்.

வழியில் பெண்ணொருத்தியிடம் வம்பு பேசியதற்குத் தமிழ் இலக்கியம் விதித்த தண்டனை ஓராண்டு. 1998இல் தமிழக அரசு ஈவ் டீசிங் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது வைத்த உச்சத் தண்டனையும் ஓராண்டுச் சிறைதான். சட்டம் வரைந்தவர்கள் இளங்கோவடிகளைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும் இந்த ஒற்றுமையை வகுப்பில் சொல்லாமல் நம்மால் இருக்க முடிவதில்லை.

அடிகளாரின் சாபத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையில் ஆட்சியாளர் கண்ட வழி வேறொன்று. பெண்ணுக்குத் துணை தருவதற்குப் பதிலாக அறை தந்தார்கள். 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து தென்னகத்தின் முதல் பயணி ரயில் புறப்பட்டது. அதற்கு 34 ஆண்டுகளுக்குப் பின் வந்த 1890ஆம் ஆண்டு இந்திய ரயில்வே சட்டத்தின் 64ஆம் பிரிவு, 1891 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு பயணி ரயிலிலும் கடைசி வகுப்பில் ஓர் அறையேனும் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும் என்று விதித்தது. 50 மைலுக்கு மேல் ஓடும் வண்டியானால் அவ்வறையில் கழிப்பிடமும் இருக்க வேண்டும். மற்றவர்க்கு என்ன வசதி இருந்தது என்று கேட்காதீர்கள், அது தனிக்கதை. அறிந்தே அவ்வறையில் நுழையும் ஆணுக்கு 100 ரூபாய் வரை அபராதம். அந்நாளில் அது குமாஸ்தா ஒருவரின் பல மாதச் சம்பளம்.

அதே 1891இல், ஜூலை 1 அன்று, எம் ஊர்ப் பெயரைத் தம் பெயரில் தாங்கிய பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அந்தச் சபையின் மேடையில் பெண் வேடங்களை ஆண்களே பூண்டார்கள். ரங்கவடிவேலு முதலியார் நாயகியாக வந்து நின்றார். அறையைப் பெண்களுக்கு ஒதுக்கிய ஆண்டிலேயே பெண்ணின் இடத்தை மேடையில் ஆண் நிரப்பினான் என்று எழுதினால் அணியழகாக இருக்கும். ஆனால் நாடக வரலாறு அவ்வளவு எளியதன்று. ஆகவே ஆண்டு ஒன்றாயிருப்பதை மட்டும் குறித்துவிட்டு நகர்கிறோம்.

1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகியவை நகரத்தோடு ஒட்டியது அந்த மீட்டர்கேஜ் பாதையால்தான். 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் வந்தபின், மாலையில் வேலை முடித்து வரும் பெண்களால் நடைமேடை நிரம்பலாயிற்று. 1998இல் நாம் கல்லூரியில் சேர்ந்தபோது மகளிர் பெட்டியில் எங்களுக்கு இடம் பிடித்துத் தந்தவர்கள் அந்தத் தையல் தொழிலாளிகளே. மல்லிகைப்பூவும் இயந்திர எண்ணெயும் கலந்து மணக்கும் அந்தப் பெட்டியில் தேர்வுக்குப் படித்திருக்கிறோம். சீட்டுப் பணம் கட்டுவதைப் பார்த்திருக்கிறோம். மணவிலக்கு ஒன்றைப் பற்றி மீனம்பாக்கம் வரை நீண்ட விவாதத்தைக் கேட்டிருக்கிறோம். அச்சம் என்ற சொல்லே அங்கு எழுந்ததில்லை. 2004 ஜூலை 1ஆம் நாளோடு அந்தச் சிறு வண்டிகள் ஓய்வு பெற்றன.

பேருந்து அப்படியன்று. குன்றத்தூர் சாலையில் மாலை நேரத்துப் பேருந்தில் இடப்பக்கம் மகளிர் இருக்கை உண்டு. நிற்பவளுக்கு ஏது பக்கம்? எங்கள் பைகளில் எழுதுகோல் இல்லாத நாள் உண்டு, ஊக்கு இல்லாத நாள் இல்லை. ஒருமுறை தோழி ஒருத்தி துணிந்து நடத்துநரிடம் முறையிட்டாள். "முன்னாடி போய் நில்லும்மா" என்று சொல்லிவிட்டு அவர் சீட்டுக் கிழிக்கப் போய்விட்டார். அவளும் முன்னால் போய் நின்றாள். வண்டி ஓடிற்று. அந்த ஆள் தன் நிறுத்தத்தில் நிதானமாக இறங்கிப் போனான்.

அந்த நடத்துநரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அப்போது சட்டம் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது என்பதைச் சொல்லவே எழுதுகிறோம். 1998 ஜூலையில் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர் ஆட்டோவில் வந்தவர்களின் வம்பால் உயிரிழந்தார். நகரம் கொதித்தது. அந்தக் கொதிப்பில் பிறந்த சட்டத்தில், பலரும் படிக்காமல் கடந்துவிடும் ஒரு பிரிவு உண்டு. பயணிகள் வண்டியில் குற்றம் நடந்து, பாதிக்கப்பட்டவர் முறையிட்டால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதே அது. கூர்ந்து நோக்கினால், நடத்துநரைக் கவுந்தியடிகளாக்க முயன்ற பிரிவு. எங்கள் தோழிக்கு அது தெரியாது. எங்களில் எவருக்கும் தெரியாது.

இதையே உச்ச நீதிமன்றமும் ஒருமுறை சொல்லிற்று. 1999 ஜூலையில் தென்காசிப் பேருந்து நிலையத்தில், இரவில் கணவரோடு வண்டிக்குக் காத்திருந்த பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் ஒருவர். அவரே ஒரு காவலர். குற்ற வழக்கிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். ஆனால் துறை அவரைப் பணியிலிருந்து நீக்கியிருந்தது. அது செல்லும் என்று 2012 நவம்பர் 30 அன்று தீர்ப்பு வந்தது. பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் சீருடையணியாத பெண் காவலர்களை நிறுத்துக, கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்துக, முறையீடு வந்தால் வண்டியைக் காவல் நிலையத்துக்கு விடுக என்று நாடு முழுமைக்கும் நீதிபதிகள் ஆணையிட்டார்கள். சரியாகப் பதினாறு நாள் கழித்து, டிசம்பர் 16 இரவில், தில்லியில் அந்தப் பேருந்து புறப்பட்டது. அதில் குற்றவாளிகளைத் தவிர வேறு பயணிகள் இல்லை. ஓட்டுநரே அவர்களில் ஒருவன்.

துணைக்கு எவருமில்லாத வண்டி அச்சந்தருவது, அது மகளிர்க்கென ஒதுக்கிய பெட்டியாயினும் சரி. 2025 பிப்ரவரி 6 அன்று கோயம்புத்தூர் - திருப்பதி விரைவு ரயிலின் மகளிர் பெட்டியில் கருவுற்ற பெண் ஒருவர் தனித்துவிடப்பட்டார். உடன் இருந்த பெண்கள் வழியில் இறங்கிவிட்டிருந்தனர். ஏறியவன் அவரை ஓடும் வண்டியிலிருந்து தள்ளிவிட்டான். கருவிலிருந்த சேயை அவர் இழந்தார். 2022 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரை நிலையத்தில், மகளிர் பெட்டியை விட்டு இறங்கு என்று சொன்ன ரயில்வே பாதுகாப்புப் படைப் பெண் காவலரே கத்தியால் தாக்கப்பட்டார். 1989ஆம் ஆண்டின் புதிய ரயில்வே சட்டம் மகளிர் பெட்டியில் நுழைவதற்கான அபராதத்தை 500 ரூபாயாக்கியது. 100 ஆண்டில் ரூபாயின் மதிப்பு என்னவாயிற்று என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் கூட்டமே காவல் என்று முடித்துவிடலாமா? நாமும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தோம். 2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் நிலையத்தில், செங்கற்பட்டுப் பக்கம் வேலைக்குச் செல்லக் காத்திருந்த இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது நடைமேடையில் ஆட்கள் இருந்தார்கள். கண்காணிப்புக் கருவிகள்தாம் இல்லை. 2022 அக்டோபர் 13 பகலில் பரங்கிமலை நிலையத்தில் கல்லூரி மாணவி ரயில் முன் தள்ளப்பட்டபோதும் ஆட்கள் இருந்தார்கள். இரண்டும் எங்கள் தடத்து நிலையங்கள். கூட்டம் வேறு, துணை வேறு. எங்கள் தையல் தொழிலாளிகள் துணை. பேருந்து நெரிசல் வெறும் கூட்டம்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. பாதுகாப்பை எண்ணி வந்த திட்டமன்று அது. ஆயினும் பம்மல் பேருந்தின் தோற்றத்தை அதுபோல் மாற்றியது வேறெதுவுமில்லை. சந்தைக்கும் மருத்துவமனைக்கும் தனியே போகத் தயங்கிய மூதாட்டியர் இப்போது முன்வாசலில் ஏறி உரக்கப் பேசுகிறார்கள். வம்பு செய்பவனை "என்னடா?" என்று கேட்க ஒரு குரலுக்கு நான்கு குரல் உண்டு. பெண்களைக் கண்டால் நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள் என்ற மனக்குறையும், 'ஓசி' என்ற வசையும் உடன்வந்தன, மறைப்பதற்கில்லை. 2022 முதல் மாநகரப் பேருந்துகளில் கண்காணிப்புக் கருவியும் அபாயப் பொத்தானும் பொருத்தலாயினர். 2025இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையை ஐந்தாண்டு வரை உயர்த்தினார்கள். சிலப்பதிகார ஒப்புமை நம் கையைவிட்டுப் போயிற்று.

எம் மாணவி அஞ்சுவதோ பேருந்தை விட்டு இறங்கியபின் உள்ள பத்து நிமிட நடையை. ஒதுக்கிய பெட்டியும் கட்டணமில்லாப் பேருந்தும் அந்தத் தெரு முனையோடு நின்றுவிடுகின்றன. தெருவிளக்கு எரிகிறதா, முனைக்கடை திறந்திருக்கிறதா என்பதை வைத்தே அவள் தந்தையார் கணக்குப் போடுகிறார். கணக்கில் தவறு காண நம்மால் முடியவில்லை. குறிப்பேட்டை மட்டும் படியெடுத்துத் தருகிறோம். அந்தப் பாடவேளை அவளுக்கு இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை.

சென்ற வாரம் பல்லாவரத்தில் பேருந்து புறப்படக் காத்திருந்த வேளையில் நடத்துநர் ஒருவரிடம் அந்தச் சட்டப் பிரிவைப் பற்றிக் கேட்டோம். நல்ல மனிதர். ஏறிய பிள்ளைகளைப் பாப்பா என்றே அழைத்துக்கொண்டிருந்தார். "அப்படி ஒரு சட்டம் இருக்கா மேடம்?" என்று வியந்தார். பிறகு வண்டிக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஒரு பொண்ணு சொல்லுச்சுன்னு நான் வண்டிய ஸ்டேஷனுக்குத் திருப்பினா, மிச்ச அறுபது பேரும் என்னத்தான் திட்டுவாங்க. அவங்க யாராவது ஒருத்தர் 'திருப்புய்யா'ன்னு சொல்லட்டும், திருப்பிடறேன்" என்றார். விசிலை ஊதினார், வண்டி புறப்பட்டது.